கடலூர் சாலைப் பள்ளிக்கு நான் எழுதிய நிபந்தனை

ஆய்வாளர் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "மேடம், புதுப் பள்ளிக்கூடத்துக்கு அனுமதி கேட்டு ஃபைல் வருது. எல்லாச் சர்ட்டிபிகேட்டும் சரியா இருக்கு. அதுக்கு அப்புறமும் எங்க நின்னு யோசிக்கணும்?" என்றார். நல்ல கேள்விதான். வகுப்பறை அளவு, கழிப்பறை, தீயணைப்புச் சான்று, கட்டட உறுதி எல்லாம் விதிப் புத்தகத்தில் இருக்கின்றன. அவற்றை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. எங்கே நின்று யோசிப்பது என்று கேட்டால், நான் நின்று யோசித்த ஓர் இடத்தைத்தான் என்னால் காட்ட முடியும். அதை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் துணை ஆய்வாளராக இருந்த கடைசி ஆண்டுகளில் நம் ஊர் தெற்குப் பக்கமாக நீண்டுகொண்டே போனது. அரியாங்குப்பம் தாண்டினால் தோப்பு என்றிருந்த காலம் போய், நோணாங்குப்பம், தவளக்குப்பம் வரை மனைகளும் அடுக்குமாடி வீடுகளும் வந்துவிட்டன. டவுனில் வாடகை கட்டுப்படியாகாத பழைய மில் குடும்பங்கள் பலவும் அந்தப் பக்கம் குடிபோயின. அப்பா மில்லில் இருந்திருப்பார். பிள்ளை ஆட்டோ ஓட்டுவார், கொத்து வேலைக்குப் போவார், இல்லையென்றால் ஏதாவது ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்ப்பார். அடுக்குமாடி வீட்டுப் பிள்ளைகள் காலையில் வேன் ஏறி டவுன் பள்ளிகளுக்குப் போனார்கள். மற்றவர்களின் பிள்ளைகள் கடலூர் சாலையில் இருந்த அரசு தொடக்கப் பள்ளிக்கு நடந்து போனார்கள்.

அந்தப் பள்ளிக்கு இடம் பெரிது, பிள்ளைகள் குறைவு. ஐந்தாம் வகுப்பு வரைதான். வகுப்பறைகளில் பாதி பூட்டிக் கிடந்தது. தலைமை ஆசிரியையையும் சேர்த்து மூன்றே ஆசிரியர்கள். அந்த இடத்தைக் கேட்டுத்தான் ஓர் அறக்கட்டளையின் திட்டம் என் மேசைக்கு வந்தது.

கட்டடம் அரசுடையது, ஆசிரியர் சம்பளத்துக்கும் அரசு பணம் தரும், ஆனால் பள்ளியை நடத்துவது அறக்கட்டளை. யாரை ஆசிரியராக எடுப்பது, எப்படிப் பாடம் நடத்துவது எல்லாம் அவர்கள் கையில். பெற்றோரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. அதற்குப் பதிலாக, குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் பிள்ளைகள் இந்த அளவுக்குத் தேறுவார்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தேறாவிட்டால் அனுமதி போய்விடும். வெளிநாடுகளில் இதைச் சார்ட்டர் பள்ளி என்கிறார்கள். கடலூர் சாலை மக்கள் 'டிரஸ்ட் ஸ்கூல்' என்றார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை, ஆங்கில வழியில். இருக்கிற தொடக்கப் பள்ளி அதோடு இணைந்துவிடும்.

அறக்கட்டளையின் சார்பில் என்னைப் பார்க்க வந்தவர் கிளேர் அம்மா. டவுனில் பிறந்து, பிரான்சில் பள்ளி ஆசிரியையாக இருந்து, ஓய்வு பெற்றுத் தன் தாய் வீட்டுக்குத் திரும்பியவர். ஊரில் எல்லோரும் அவரை 'மதாம்' என்றுதான் கூப்பிட்டார்கள். பருத்திச் சேலை, வெட்டிவிட்ட நரைமுடி, கையில் எப்போதும் ஒரு துணிப்பை. தமிழ் நன்றாகப் பேசுவார், நடுநடுவே பிரெஞ்சு வந்து விழும்.

"நான் வேல செஞ்ச எக்கோல்ல பாதிப் புள்ளைங்களுக்கு வூட்டுல வேற பாஷ மேடம்," என்றார். எக்கோல் என்றால் பள்ளிக்கூடம். "அவங்கள வெச்சு நான் செஞ்சத இங்க செய்யணும். வேற எந்த ஆசையும் எனக்குக் கெடையாது."

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. சொல்லிவிடுகிறேன், விண்ணப்பத்தோடு வருகிறவர்களைப் பிடித்துப்போவது இந்த வேலையில் சகஜம். அது தவறும் இல்லை. ஆனால் திட்டத்தில் ஒரு வரி இருந்தது: இரண்டாம் வகுப்புக்கு மேல் சேர்கிற பிள்ளை அந்த வகுப்புக்குரிய வாசிப்பைப் பெற்றிருக்க வேண்டும், இல்லாதவர்கள் பக்கத்து ஊர் அரசுப் பள்ளிக்கு மாற்றப்படுவார்கள். யாரும் மறைத்து வைத்த வரி அல்ல, பட்டவர்த்தனமாகவே இருந்தது. படித்தவர்கள் எல்லோரும் கடந்து போயிருந்தார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு, முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு நாள் அந்தத் தொடக்கப் பள்ளிக்குப் போனேன்.

தலைமை ஆசிரியை ஜரீனா டீச்சர். டவுனில் பல தலைமுறையாகத் துணி வியாபாரம் செய்யும் குடும்பத்திலிருந்து முதன்முதலாக அரசு வேலைக்கு வந்த பெண். நான் போனபோது நான்காம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

ஐந்தாம் வகுப்பில் காவ்யா என்று ஒரு பெண். அன்றைய செய்தித்தாளை எழுந்து நின்று வாசித்தாள். தடங்கலே இல்லை. தெரியாத சொல் வந்தால் நிறுத்தி, "டீச்சர், 'இழுபறி'ன்னா இன்னா?" என்று கேட்டுவிட்டு மேலே போனாள். நான்காம் வகுப்பில் அவளுடைய தம்பி ஆகாஷ். அவன் முறை வந்தபோது புத்தகத்தைச் சரியான பக்கத்தில் பிடித்துக்கொண்டு, பக்கத்துப் பையன் கிசுகிசுத்ததைத் திருப்பிச் சொன்னான். குரலில் அத்தனை உறுதி. கேட்பவருக்கு வாசிப்பது போலவே இருக்கும். அவனுடைய காது பக்கத்துப் பையன் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைப் பின்னாலிருந்து பார்த்த எனக்கே கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது.

மணி அடித்ததும் ஜரீனா டீச்சர் என்னிடம் வந்தார். எதையும் மூடி மறைக்கவில்லை.

"அவனுக்கு எழுத்து ஒண்ணோட ஒண்ணு சேர மாட்டேங்குது மேடம். மண்டைல மூள இருக்கு. பக்கத்துலயே ஒருத்தர் உக்காந்து சொல்லிக்குடுத்தா வரும். எனக்கு ரெண்டு கிளாஸு, ஆபீஸ் வேல, மதிய சாப்பாடு. அவன மாதிரி இன்னும் சில பேரு இருக்காங்க."

"வீட்டுல தெரியுமா?"

"அம்மாவுக்குக் கொஞ்சம் தெரியும். அப்பா சுகுமார்கிட்ட ரெண்டு மூணு வாட்டி ஆரம்பிச்சேன். 'எம்புள்ள நல்லாத்தான் டீச்சர் படிக்கிறான், வூட்டுல புக்கு எடுத்து வாசிக்கிறான்'னு சிரிச்சிக்கினே போயிட்டாரு."

சுகுமார் நோணாங்குப்பம் படகுத்துறையில் படகு ஓட்டுபவர். பள்ளியின் பெற்றோர் குழுவுக்குத் தலைவர். டிரஸ்ட் பள்ளி வர வேண்டும் என்று தெருத் தெருவாகப் பேசி ஆதரவு சேர்த்தவரும் அவர்தான்.

கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு சனிக்கிழமை காலையில் அதே பள்ளியில் நடந்தது. நான் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் அதிகம். அடுக்குமாடி வீடுகளிலிருந்தும் பலர் வந்திருந்தார்கள். கட்டணமில்லாத நல்ல பள்ளி வீட்டுக்குப் பக்கத்தில் வருகிறதென்றால் யார்தான் வரமாட்டார்கள்? நாற்காலி போதாமல் ஆண்கள் சுவரோரம் நின்றார்கள். பள்ளிப் பிள்ளைகளை முன்னால் பாய் விரித்து உட்காரவைத்திருந்தார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கூட்டம் தொடங்கிவிட்டது.

முதலில் சுகுமார் பேசினார். மைக்கைச் சரியாகப் பிடிக்கத் தெரியவில்லை. பேச்சு மட்டும் தெளிவு.

"எங்கப்பா மில்லுல இருந்தாரு. மில்ல மூடிட்டாங்க. நான் போட்டு ஓட்டுறேன். டெல்லில இருந்து, பாம்பேல இருந்து ஜனங்க வராங்க. இங்கிலீஷ்ல ஒண்ணு கேட்டா நான் கைய காட்டிட்டு சிரிக்கிறேன். எம்பொண்ணு அப்பிடி சிரிக்கக் கூடாது, பதில் சொல்லணும். அவ்ளோதாங்க. ஸ்கூலு வரணும்."

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அடுத்து கிளேர் அம்மா தன் திட்டத்தை விளக்கினார். அதற்கும் கைதட்டல். பிறகு ஜரீனா டீச்சர் எழுந்தார்.

"நல்ல ஸ்கூலு வந்தா எனக்கும் சந்தோஷம்தான். இப்ப இங்க படிக்கிற புள்ளைங்க எங்க போவும்னு மட்டும் சொல்லிடுங்க."

சுவரோரம் நின்ற ஒருவர், "டீச்சருக்கு இந்த எடம் போயிடும்னு பயம்!" என்று குரல் கொடுத்தார். சிலர் சிரித்தார்கள். பள்ளி இணைந்தால் அவர் வேலை போகாது, வேறு பள்ளிக்கு மாறுதல்தான் கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். அவர் உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கேள்வியை நான் எடுத்துக்கொண்டேன். "கிளேர் அம்மா, இப்ப இந்தப் பள்ளியில இருக்கிற எல்லாப் பிள்ளைகளையும் நீங்க சேர்த்துக்குவீங்களா?"

அவர் தயங்கினார். பிறகு உண்மையைச் சொன்னார். "வாசிக்கத் தெரிஞ்சவங்களச் சேத்துக்குவோம். மத்தவங்களுக்குப் பக்கத்து ஊர்ல எடம் இருக்கு."

தங்கள் பிள்ளை எந்தப் பக்கம் என்று ஒவ்வொருவரும் மனதுக்குள் கணக்குப் போட்டிருக்க வேண்டும். சுகுமார் சிரித்துக்கொண்டே எழுந்தார்.

"அது ஒண்ணும் பிரச்சன இல்ல. எம்புள்ளைங்க ரெண்டும் படிக்கும். டீச்சர், நீங்களே சொல்லுங்க. காவ்யாவும் படிக்கும், ஆகாஷும் படிக்கும். இல்லயா?"

அந்த நேரத்தை இப்போதும் என்னால் அப்படியே பார்க்க முடிகிறது. ஜரீனா டீச்சர் 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கூட்டம் அந்த இடத்திலேயே திரும்பியிருக்கும். பள்ளி வேண்டும் என்று முன்னால் நின்றவரின் சொந்தப் பிள்ளைக்கே அந்தப் பள்ளியில் இடமில்லை. அதைவிடப் பெரிய வாதம் எதிர்ப்பவர்களுக்குக் கிடைக்காது. சற்று முன்னால்தான் அத்தனை பேர் முன்னிலையில் அவரைப் பார்த்துச் சிரித்திருந்தார்கள்.

அவர் பாயில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு சுகுமாரைப் பார்த்தார்.

"புள்ளைங்களப் பத்தி மைக்குல பேச வேணாம் சுகுமார். திங்கக்கிழம வாங்க. உக்காந்து பேசலாம்."

"பாத்தீங்களா, மழுப்புறாங்க!" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை.

எனக்கும் பதில் தெரியும். நானும் சொல்லவில்லை. ஆனால் நான் வாயை மூடிக்கொண்டதற்கு என் தைரியம் காரணமல்ல. அவர் மூடிக்கொண்டதைப் பார்த்ததுதான் காரணம். பெரியவர்களின் சண்டையில் ஜெயிக்க ஒரு பிள்ளையை நடுவில் நிறுத்தக் கூடாது என்று பயிற்சி வகுப்பில் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். தோற்கப்போகிறோம் என்று தெரிந்த நேரத்தில் அதைக் கடைப்பிடித்த ஒருவரை நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

கூட்டத்தை முடிக்காமல் ஒத்திவைத்தேன். அறக்கட்டளைக்காகச் சென்னையிலிருந்து வந்திருந்த இளைஞருக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் ஜீப்பில் ஏறுவதற்குள் என் மேலதிகாரியிடமிருந்து போன் வந்தது.

"கூட்டம் நல்லபடியாப் போச்சாமே. ரிப்போர்ட் எப்ப வரும்?"

"கூட்டம் முடியல சார். ஒத்தி வெச்சிருக்கேன்."

"எல்லாரும் ஆதரவாத்தானே பேசினாங்க?"

"ஆமா சார். எதை ஆதரிக்கிறோம்னு தெரியாமப் பேசினாங்க. தெரிஞ்சிக்கட்டும்."

அவருக்கு மேலேயும் அவசரப்படுத்துகிறவர்கள் இருந்தார்கள்.

திங்கட்கிழமை நானும் போனேன். கிளேர் அம்மாவையும் வரச் சொல்லியிருந்தேன். தலைமை ஆசிரியை அறையில் நாங்கள் நான்கு பேர்: ஜரீனா டீச்சர், சுகுமார், கிளேர் அம்மா, நான். ஆகாஷுக்கு வாசிக்க வரவில்லை என்பதை ஜரீனா டீச்சர் சுற்றி வளைக்காமல், மெதுவான குரலில் சொன்னார்.

சுகுமார் முதலில் நம்பவில்லை. பிறகு கோபம் வந்தது. "நாலாவது வரைக்கும் வந்துட்டான். இத்தினி நாளா இன்னா டீச்சர் பண்ணிங்க?"

"என்னால முடிஞ்சத செஞ்சேன். அது அவனுக்குப் பத்தல," என்றார் ஜரீனா டீச்சர்.

கிளேர் அம்மா எழுந்து, "நான் அவனோட கொஞ்ச நேரம் உக்காரவா?" என்று கேட்டார். ஆகாஷை வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு வராந்தாவில் போய்த் தரையில் உட்கார்ந்தார். நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். அவர் புத்தகத்தை எடுக்கவே இல்லை. அப்பாவின் படகைப் பற்றிக் கேட்டார். அவன் பேச ஆரம்பித்தான். என்ஜினை எப்படி இழுத்துக் கிளப்புவது, முகத்துவாரத்தில் தண்ணீர் எந்த நேரத்தில் வற்றும், எந்த இடத்தில் படகு தரை தட்டும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். அவன் சொன்னதில் ஒரு வாக்கியத்தை அவர் பெரிய எழுத்தில் எழுதினார். 'அப்பா கயித்த இழுத்தா என்ஜின் கத்தும்.' அவன் பேசியது போலவே எழுதினார். பிறகு ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து அவனையே சொல்லச் சொன்னார். தாளைச் சொல் சொல்லாகக் கிழித்து, இடம் மாற்றி வைத்து, மறுபடியும் கேட்டார். நெடுநேரம் கழித்து அவன் 'என்ஜின்' என்ற சொல்லைத் தானாகக் கண்டுபிடித்துத் தட்டினான். தட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி அப்பாவைப் பார்த்தான்.

சுகுமார் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்த அம்மா கெட்டிக்காரர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. ஜரீனா டீச்சருக்கும்தான். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார். தன்னால் இத்தனை நாளில் முடியாததை இன்னொருவர் ஒரு காலைப்பொழுதில் தொடங்கி வைப்பதைப் பார்ப்பது எந்த ஆசிரியருக்கும் லேசானதல்ல.

கிளேர் அம்மா உள்ளே வந்தார். "அவனுக்கு வரும். சீக்கிரம் வராது. ரெண்டு வருஷம் ஆவும், மேலயும் ஆவும்."

"அப்ப உங்க ஸ்கூல்ல அவனுக்கு எடம் இல்லயே மதாம்," என்றார் ஜரீனா டீச்சர்.

கிளேர் அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். "மோன் தியூ," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். கடவுளே என்று அர்த்தம். பிறகு என்னைப் பார்த்துப் பேசினார். "அங்க நான் சொல்லிக்குடுத்தது பூரா இவன மாதிரி புள்ளைங்களுக்குத்தான். இங்க பணம் தர்றவங்களுக்குச் சீக்கிரம் ரிசல்ட் வேணும். இவங்களயும் சேத்தா ரிசல்ட் வராதுன்னாங்க. மொதல்ல ஸ்கூலு வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு நானும் ஒத்துக்கிட்டேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சுகுமார் பேசினார். நான் கொஞ்சமும் எதிர்பார்க்காத பேச்சு.

"மேடம், பையன வுட்டுடுங்க. அவன எதனா வேற ஸ்கூல்ல போட்டுக்கறேன், இல்லன்னா எங்கூட போட்டுல வரட்டும். பொண்ணு ஆறாவது போவணும். அவளுக்கு இந்த ஸ்கூலு கெடைக்கட்டும். ஒண்ணாவது மேல வரட்டும் மேடம். நீங்க எதுவும் எழுதிக் கெடுத்துடாதீங்க."

ஆகாஷ் வராந்தாவிலேயே இருந்தான். கேட்டிருப்பானா என்று தெரியாது.

அலுவலகம் வரும் வழி முழுக்க அந்தப் பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது. தந்தையே விட்டுக்கொடுக்கும்போது எனக்கென்ன? அந்தப் பள்ளி வந்தால் காவ்யாவும் அவளைப் போன்ற பிள்ளைகளும் மேலே போவார்கள் என்பது நிச்சயம். வராவிட்டால் ஆகாஷுக்கு என்ன கிடைக்கப் போகிறது? அதே இரட்டை வகுப்பு, அதே கிசுகிசுப்பு. எப்படித் திருப்பிப் பார்த்தாலும் திட்டத்தை அப்படியே அனுமதிப்பதில் நியாயம் இருந்தது.

கடைசியில் என்னைத் தடுத்தது ஒரே ஒரு யோசனைதான். அந்த அறக்கட்டளை தன் சொந்த நிலத்தில், தன் பணத்தில் பள்ளி நடத்தி, வாசிக்கத் தெரிந்தவர்களை மட்டும் எடுத்தால் அது அவர்கள் பாடு. இது அரசுப் பள்ளியின் இடம். அந்த இடம் எந்தப் பிள்ளைகளுக்காக இருந்ததோ அவர்களில் கஷ்டப்படுகிறவர்களை வெளியே அனுப்பிவிட்டு அங்கே நல்ல பள்ளி தொடங்குகிறோம் என்றால், அதற்குக் கையெழுத்துப் போட நான் யார்? ஒரு தகப்பன் தன் இரண்டு பிள்ளைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையை ஓர் அரசுத் திட்டம் உண்டாக்கலாமா? அவர் தேர்ந்தெடுத்துவிட்டார் என்பதாலேயே அது சரியாகிவிடாது.

ஒத்திவைத்த கூட்டத்தை மறுபடி கூட்டி, அந்த வரியை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். பிறகு, அனுமதிக்கலாம் என்றுதான் எழுதினேன். கூடவே ஒரு நிபந்தனை வைத்தேன்: இப்போது இந்தப் பள்ளியில் படிக்கும் எல்லாப் பிள்ளைகளையும் எந்தத் தேர்வும் இல்லாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மேலதிகாரி அறைக்குக் கூப்பிட்டார். அறிக்கையை மேசைமேல் வைத்து அதன்மேல் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இந்த ஒரு வரிய எடுத்துடுங்க. இது இருந்தா அவங்க போயிடுவாங்க."

"போகலாம் சார்."

"சில பேருக்காக அத்தன பேரோட வாய்ப்பும் போவுது. ராத்திரி தூக்கம் வருமா உங்களுக்கு?"

"எப்படி எழுதினாலும் வராது சார். அதனால, எதை என்னால வெளிய சொல்ல முடியுமோ அதை எழுதியிருக்கேன்."

அவர் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. இந்த நிபந்தனையில் தனக்கு உடன்பாடு இல்லை என்று தன் பங்குக்கு ஒரு குறிப்பு எழுதி, அறிக்கையை அப்படியே மேலே அனுப்பினார். அதற்காக அவரிடம் எனக்கு மரியாதை உண்டு. மேலே என் நிபந்தனையோடு அனுமதி ஆனது. அறக்கட்டளைக்காரர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். அதன் பிறகு பேச்சே இல்லை.

அடுத்து வந்த மாதங்கள் நல்லதாக இல்லை. சுகுமார் சில பெற்றோரோடு அலுவலகத்துக்கு வந்தார். கத்தவில்லை. "வர வேண்டிய ஸ்கூல வராம பண்ணிட்டீங்க மேடம்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் புகார் எழுதினார்கள். அலுவலகத்தில் சிலர், ரிட்டையர் ஆகப்போகிற நேரத்தில் இந்தம்மாவுக்கு எதற்கு இந்த வீம்பு என்று பேசிக்கொண்டது என் காதுக்கே வந்தது. பள்ளி ஆண்டு முடிந்தது. காவ்யா ஐந்தாம் வகுப்பை முடித்து, ஆறாம் வகுப்புக்குத் தவளக்குப்பம் அரசுப் பள்ளியில் சேர்ந்தாள்.

கிளேர் அம்மா திரும்பி வந்தது அதற்குப் பிறகுதான். ஆள் கொஞ்சம் இளைத்திருந்தார். பணம் தருவதாகச் சொன்னவர்களில் பெரிய கைகள் விலகிவிட்டன. மிச்சமிருந்தவர்களை வைத்துச் சின்னதாகத் தொடங்கலாம் என்று வந்திருந்தார். பத்தாம் வகுப்பு வரை முடியாது, ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆங்கிலத்தோடு தமிழும். எல்லாப் பிள்ளைகளும், தேர்வு இல்லாமல்.

"ரிசல்ட்?" என்று கேட்டேன்.

"சின்னதா எழுதியிருக்கேன். முடியிறத மட்டும்," என்றார்.

அனுமதி கிடைத்தது. ஜரீனா டீச்சர் அங்கேயே அறக்கட்டளையின் கீழ் இருக்கலாம் என்று சொல்லிப் பார்த்தார்கள். அவர் வேண்டாமென்று நம் ஊரின் மறுபக்கத்துக் கதிர்காமம் பள்ளிக்கு மாறுதல் வாங்கிக்கொண்டார். போவதற்கு முன்னால் கிளேர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போயிருக்கிறார். எந்த வீட்டில் அப்பா குடிப்பார், எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வரும், எந்த அம்மாவிடம் எந்த நேரத்தில் பேசலாம் என்று வாசலிலேயே நின்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். தயங்கிய பெற்றோரிடம், "நான் சொல்றேன், இந்த மதாம நம்பி அனுப்புங்க," என்றிருக்கிறார். இதைக் கிளேர் அம்மாதான் என்னிடம் சொன்னார். ஜரீனா டீச்சர் சொல்லவே இல்லை.

புதுப் பள்ளி தொடங்கிச் சில மாதங்கள் கழித்து ஆய்வுக்குப் போனேன். ஆகாஷ் ஐந்தாம் வகுப்பில் இருந்தான். வாசித்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று, உதட்டை அசைத்துப் பார்த்து, பிறகு சொன்னான். யாரும் கிசுகிசுக்கவில்லை. அந்த ஒரு பக்கத்தை முடிக்க அவன் எடுத்துக்கொண்ட நேரத்தில் வகுப்பு முழுவதும் சத்தமில்லாமல் காத்திருந்தது.

வெளியே வந்தபோது சுகுமார் வாசல் கேட் அருகில் நின்றிருந்தார். மகனை அழைத்துப்போக வந்திருந்தார். ஆகாஷ் வாசித்ததைச் சொன்னேன். தலையாட்டினார்.

"படிக்கிறான் மேடம். தெனமும் வூட்டுல உக்காந்து படிக்கிறான். அது உங்களாலதான். இல்லன்னு சொல்லல." திரும்பிச் சாலையைப் பார்த்தார். "ஆனா உங்க மேல கோவமான்னு நீங்க கேட்டா, ஆமான்னுதான் சொல்லுவேன். நீங்க அத எழுதலன்னா ஸ்கூலு பத்தாவது வரைக்கும் வந்துருக்கும். காவ்யா இங்க இருந்துருப்பா. இப்ப பஸ்ல தவளக்குப்பம் போறா. அங்கயும் நல்லாத்தான் படிக்கிறா. ஆனா பஸ்ஸு தெனமும் இந்த ஸ்கூலத் தாண்டித்தான் மேடம் போவுது."

அவர் மகனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

உங்களிடம் அதே கோப்பு வரும். வேறு சாலை, வேறு அறக்கட்டளை, ஆனால் அதே கோப்புதான். வாசிக்கத் தெரியாத பிள்ளைகளை என்ன செய்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். சரி என்று படுகிறதை எழுதுங்கள். என்னிடம் இன்றைக்கு வந்தாலும் அந்த நிபந்தனையைத்தான் எழுதுவேன். ஆனால் எழுதுகிற அன்றைக்கே, அதனால் இழக்கப்போகிற பிள்ளை யார் என்று விசாரித்து, அந்தப் பிள்ளையின் பெயரையும் தெரிந்துகொண்டு எழுதுங்கள். நான் எழுதியபோது எனக்கு அந்தப் பெயர் தெரியும். அதனால்தான் அந்தத் தகப்பனின் முகத்தை நேராகப் பார்த்து நிற்க முடிந்தது.